கை ஏன் மரத்துப்போகிறது? நரம்பைக் காட்டும் ஸ்கேன்

திருபுவனத்தில் பட்டுத்தறியில் உட்காரும் ஒரு பெண்ணுக்கு நடுராத்திரியில் கை மரத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மதமதவென்று இருக்கும். எழுந்து உதறினால் கொஞ்சம் சரியாகும். ரத்த ஓட்டக் கோளாறு என்று தைலம் தேய்த்தே வருஷங்கள் போய்விடும். பெரும்பாலும் சிக்கல் மணிக்கட்டில், மீடியன் நரம்பில் இருக்கும். எலும்புகளுக்கும் கெட்டியான ஒரு பட்டைக்கும் நடுவே உள்ள குறுகலான வழியில், விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு சேர்ந்துதான் அந்த நரம்பும் நுழைகிறது. நெருக்கடி வந்தால் நசுங்குவது அதுதான்.

இதை அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடலாம். வயிற்று ஸ்கேனைவிட அதிக அதிர்வெண், 12 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை, இதற்கு வேண்டும். அந்த ஒலி ஆழமாகப் போகாது. ஆனால் நுணுக்கமாகக் காட்டும். மணிக்கட்டில் நரம்பு தோலுக்குச் சற்று அடியிலேயே இருப்பதால் அது போதும். குறுக்குவெட்டில் நரம்பு தேன்கூடு மாதிரித் தெரியும்: கறுப்புப் புள்ளிகள் நரம்பிழைக் கற்றைகள், வெள்ளைக் கோடுகள் அவற்றின் உறை. தசைநாணோடு குழம்பினால் விரலை மடக்கச் சொல்வார்கள். நாண் சட்டென்று ஓடும், நரம்பு அவ்வளவு நகராது.

நசுங்கும் இடத்துக்குச் சற்று மேலே நரம்பு வீங்கியிருக்கும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மதகை இறக்கினால் மேல்பக்கம்தானே தண்ணீர் ஏறும்? நரம்பிழைக்குள்ளும் விரல்களை நோக்கிப் புரதங்கள் ஓயாமல் நகர்கின்றன. அந்த ஓட்டம் தடைபடுவதும், ரத்தம் திரும்ப வழியின்றி நீர் கோப்பதும் வீக்கத்துக்குக் காரணங்கள். குறுக்குப் பரப்பு சுமார் 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படுவார்கள். முன்கையில் அதே நரம்பை அளந்து ஒப்பிடுவதும் உண்டு. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது: அவரவர் கையே அவரவருக்கு அளவுகோல்.

சுண்டுவிரல் மரத்தால் முழங்கையில் அல்னார் நரம்பைப் பார்க்க வேண்டும். சிலருக்குக் கையை மடக்கும்போது அது எலும்பு மேட்டைத் தாண்டி வழுக்குவதைத் திரையிலேயே காணலாம். முழங்கைக்கு மேலே தடித்திருந்தால் தொழுநோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

லேசான மின்சாரம் கொடுத்துச் செய்யும் நரம்புக் கடத்தல் சோதனை, நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும். ஏன் கெட்டது என்பதை ஸ்கேன் சொல்லும். தொடக்க நிலையில் இரண்டிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதற்காகத் தொந்தரவு பொய் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கட்டைவிரல் அடியில் சதை வற்றிய பிறகு அறுவைச் சிகிச்சை செய்தாலும் பழைய வலு முழுதாகத் திரும்புவது கடினம். அறுந்த இழையை விரலால் தடவிக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிறவருக்கு அது பெரிய இழப்பு.