உண்ணாமலை ஆச்சி பேருக்குள் மலை எப்படி வந்தது?

செட்டிநாட்டில் ஊர்ப் பேர் ஆண்பிள்ளைக்கு நேராகவே வந்துவிடும். சிதம்பரம், அண்ணாமலை என்று ஊரே ஆளாகி நிற்கும். பெண்பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்த ஊர் அம்மன் வழியாகத்தான் வரும். மதுரை என்றால் மீனாட்சி, காசி என்றால் விசாலாட்சி, பக்கத்து நாட்டரசன்கோட்டை என்றால் கண்ணாத்தாள்.

உண்ணாமலை மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. பிரித்துப் பார்த்தால் 'சாப்பிடாத மலை'. பேத்திக்கு இப்படியொரு பேர் வைக்க யாருக்குத் தோன்றும்?

யாருக்கும் தோன்றவில்லை, அதுவாக ஆனது. திருவண்ணாமலை அம்மனின் பேர் உண்ணாமுலை. ஏழாம் நூற்றாண்டிலேயே 'உண்ணாமுலை உமையாளொடும் உடனாகிய ஒருவன்' என்று சம்பந்தர் பாடியிருக்கிறார். (உமையாள் என்பதும் செட்டிநாட்டில் வீட்டுக்கு வீடு கேட்கும் பேர்தான்.) பிள்ளை வாய்வைத்துப் பால் குடிக்காத மார்பு உடையவள் என்பது பொருள். அபீதகுசாம்பாள் என்ற வடமொழிப் பேரும் இதையேதான் சொல்கிறது. சம்பந்தருக்குக்கூட அம்மன் பாலைப் பொற்கிண்ணத்தில்தான் கொடுத்தாள் என்பது புராணம்.

சரி, முலை எப்படி மலையானது? தமிழ்ப் பேச்சில் சொல்லின் முதல் அசை அழுத்தமாக நிற்கும். பின்னால் வரும் குறில்கள் தேயும். 'வருகிறாள்' என்பது 'வர்றா' ஆகும்போது நடுவிலிருந்த உகரம் எங்கே போனது என்று யாரும் தேடுவதில்லை. உண்ணாமுலையின் 'மு'வும் அப்படி நைந்துபோகக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது. நைந்த ஒலியைக் காது தனக்குப் பழகிய அச்சில் போட்டு நிரப்பிக்கொள்ளும். அந்த அச்சு பக்கத்திலேயே தயாராக இருந்தது: அண்ணாமலை. அண்ணுதல் என்றால் நெருங்குதல். நெருங்க முடியாத மலை அது. சாமி அண்ணாமலை என்றால் அம்மன் உண்ணாமலை, முதல் எழுத்து மட்டும்தான் வேறு. எதுகைக்குப் பழகிய காது இதை விடுமா?

கூச்சத்துக்கும் இதில் பங்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பழைய பாட்டில் 'முலை' சாதாரணச் சொல். பிற்காலத்தில் அதைத் தெருவில் உரக்கச் சொல்லி ஒரு பெண்ணைக் கூப்பிடுவது சங்கடம்.

இதையெல்லாம் தடுக்க ஏன் எதுவும் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சாதாரணச் சொல்லுக்குப் பொருள் காவல் நிற்கும். பேச்சுக்கு நடுவே 'மலை'யும் 'முலை'யும் மாறினால் எதிரே இருப்பவர் முழிப்பார், நாமும் திருத்திக்கொள்வோம். பேருக்கு அந்தக் காவல் கிடையாது. கூப்பிட்டதும் உரியவர் திரும்பிப் பார்த்துவிட்டால் பேரின் வேலை முடிந்தது. அது 'சாப்பிடாத மலை'யா என்று யாரும் கேட்பதில்லை.

மாறிய வடிவம் அப்புறம் அப்படியே உறைந்துவிடுகிறது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் மூத்த பெண்ணுக்கு அப்பத்தா பேர், அடுத்தவளுக்கு ஆயா (அம்மாவின் அம்மா) பேர் என்பது வழக்கம். எந்த வடிவம் கையில் இருக்கிறதோ அதுவே ஒரு தலைமுறை விட்டு நகலாகும். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடு வேறு. அதனால் குழந்தையைக் கூப்பிட வீட்டுப் பேர் ஒன்று தனியாக வந்துவிடும். தேய்மானமெல்லாம் அதற்குத்தான், அழைப்பிதழில் ஏறும் 'உண்ணாமலை' அழுக்குப் படாமல் அடுத்த பேத்திக்குப் போகும்.

இந்த மாற்றம் கோயிலையும் விட்டுவைக்கவில்லை. திருவண்ணாமலை தீபத் திருவிழாச் செய்திகளில் இப்போது அம்மனுக்கே 'உண்ணாமலை அம்மன்' என்று அச்சாகிறது.