டிஸ்க் நிரம்பியும் ஸ்கிரிப்ட் ஏன் வாய் திறக்கவில்லை?

டிஸ்க் 90 சதவீதத்தைத் தாண்டினால் மெயில் அனுப்பும் ஷெல் ஸ்கிரிப்ட் பல லினக்ஸ் சர்வர்களில் ஓடுகிறது. செய்முறை பெரும்பாலும் ஒன்றுதான்: டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளையின் அவுட்புட்டைப் பத்தி பிரிக்கும் ஆக் (awk) கருவியிடம் கொடுத்து, இரண்டாம் வரியின் ஐந்தாம் பத்தியை எடுத்து, சதவீதக் குறியை நீக்கி, 90-உடன் ஒப்பிடுவது. டிஸ்க் நிரம்பிய அன்றே அது மௌனம் சாதித்தால்?

பழைய டிஎஃப் பதிப்புகளில் டிஸ்குகளைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் (LVM) தரும் நீளமான சாதனப் பெயர் வந்தால் வரி இரண்டாக உடையும். இரண்டாம் வரியில் பெயர் மட்டும் நிற்கும். எண்கள் மூன்றாம் வரிக்குப் போய்விடும். ஐந்தாம் பத்தி காலி. ஒற்றைச் சதுர அடைப்புக்குறிக்குள் காலியை 90-உடன் ஒப்பிடச் சொன்னால், ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் ஷெல் பிழைச்செய்திக்கான தனித் தடமான ஸ்டாண்டர்ட் எரரில் ஒரு வரி முனகிவிட்டு, எக்ஸிட் கோடு (கட்டளை முடியும்போது தரும் எண்; 0 என்றால் வெற்றி) 2 தரும். இஃப்-ஐப் பொறுத்தவரை 0 தவிர எல்லாமே 'இல்லை'தான். மெயில் போகாது, ஸ்கிரிப்டும் எதுவும் நடக்காததுபோல் முடிந்துவிடும்.

டிஎஃப்-க்குக் கேப்பிட்டல் பி ஆப்ஷன் (-P) கொடுத்தால் போசிக்ஸ் என்ற பொதுத் தர வடிவத்தில், ஒரு சாதனத்துக்கு ஒரே வரியாக வரும். அதோடு விடாதீர்கள். எடுத்த மதிப்பு வெறும் இலக்கங்கள்தானா என்று ஒப்பிடும் முன் சோதியுங்கள். இல்லையென்றால் அதற்கே ஒரு மெயில் போகட்டும்.

இப்படிப்பட்ட பிழையைத் தேடும்போது ஸ்கிரிப்டை வரிவரியாகப் படிப்பதற்கு முன், கட்டளை தந்த மூல அவுட்புட்டை ஒரு ஃபைலிலும் ஸ்டாண்டர்ட் எரரை இன்னொரு ஃபைலிலும் பிடித்து வையுங்கள். 2>&1 போட்டு இரண்டையும் கலந்தால் எச்சரிக்கை வரியும் தரவாகிவிடும். பிடித்த ஃபைலைக் கேப்பிட்டல் ஏ ஆப்ஷனுடன் கேட் கட்டளையில் (cat -A) பாருங்கள். டேப், விண்டோஸ் வரிமுடிவில் விட்டுச்சென்ற கேரேஜ் ரிட்டர்ன் குறி, சொல் தேடும் கிரெப் (grep) சேர்த்த நிறக் குறியீடு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

டெர்மினலிலிருந்து காப்பி செய்த அவுட்புட்டை நம்ப வேண்டாம். எதிரில் இருப்பது திரையா, அவுட்புட்டை அடுத்த கட்டளைக்குக் கடத்தும் பைப்பா என்று பார்த்து நடந்துகொள்ளும் கருவிகள் பல. ஃபைல் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) திரைக்குப் பல பத்திகளாகவும் பைப்புக்கு வரிக்கு ஒரு பெயராகவும் தரும். கிரெப்பும் பைப்புக்குள் எழுதும்போது வரிகளைச் சேர்த்துவைத்து மொத்தமாகத்தான் தள்ளும். ஃபைலில் புதிதாகச் சேரும் வரிகளை டெயில் (tail -f) வழியாகப் பின்தொடரும் ஸ்கிரிப்ட் 'தொங்குவது' பெரும்பாலும் இதனால்தான். கிரெப்புக்கு லைன் பஃபர்டு ஆப்ஷன் (--line-buffered) கொடுத்தால் போதும்.

கையால் ஓட்டினால் சரி, குறித்த நேரத்தில் தானே ஓட்டும் கிரானில் (cron) தவறு என்றால் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்), லோகேல் (மொழி அமைப்பு) இரண்டையும் பாருங்கள். ஜெர்மன் லோகேல் வைத்த சர்வரில் பிழைச்செய்தி ஜெர்மனில் வரும். ஆங்கிலச் சொல்லைத் தேடும் கிரெப் வெறுங்கையோடு திரும்பும். ஸ்கிரிப்டின் தலையிலேயே எல்சி ஆல் மாறியைச் சி என்று (LC_ALL=C) வையுங்கள்.

பைப்பின் எக்ஸிட் கோடு, பாஷில் வழக்கமாகக் கடைசிக் கட்டளையுடையது மட்டுமே. முதலாவது செத்தாலும் ஆக் 0 தந்துவிடும். பைப்ஃபெயில் அமைப்பை (set -o pipefail) இயக்கினால் இது பிடிபடும். ஆனால் எதுவும் கிடைக்காதபோது கிரெப் 1 தருவது பிழையில்லை. 2 தந்தால்தான் பிழை. பிழை வந்ததும் ஸ்கிரிப்டை நிறுத்தும் செட் மைனஸ் ஈ-யும் (set -e) சேர்ந்திருந்தால் அந்த 1-க்கே ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடும்.