பயந்த பூனையின் சர்க்கரை

பதின்மூன்று வயதுப் பூனை. ஆறு மாதமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறது. கூடையில் வைத்து ஆட்டோவில் கிளினிக்குக் கொண்டுபோகும்போது வழியெல்லாம் கத்துகிறது. மேசைமேல் விட்டதும் காதுகளைப் பின்னால் படியவைத்துக்கொண்டு சுருண்டுவிடுகிறது. அந்த நிலையில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 310. சரி, மருந்தைக் கொஞ்சம் கூட்டிவிடலாம் என்றுதான் வீட்டில் தோன்றும். தயவுசெய்து கூட்டாதீர்கள்.

பயத்தில் சுரக்கும் அட்ரினலின், கல்லீரல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டச் செய்யும். பூனைகளிடம் இது மிகவும் அதிகம். சர்க்கரை நோயே இல்லாத பூனைக்குக்கூட கிளினிக்கில் 300-ஐத் தாண்டுவதுண்டு. அந்த ஒரு எண்ணை நம்பி ஊசியைக் கூட்டினால், வீட்டில் பயம் தெளிந்தபின் சர்க்கரை படுவேகமாக இறங்கி, பூனை தள்ளாடும், வலிப்புகூட வரும்.

இதற்காகத்தான் ஃப்ரக்டோசமைன் பார்க்கிறார்கள். ரத்தத்திலுள்ள புரதங்களில், முக்கியமாக ஆல்புமினில், சர்க்கரை மெல்ல ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால், கடந்த ஒன்றிரண்டு வாரங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். அரை மணி நேரப் பயம் இதை அசைக்காது.

ஆனால் வயதான பூனையில் இதற்கும் ஒரு கண்ணி இருக்கிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் புரதங்கள் சீக்கிரமாக அழிந்து புதிதாக உருவாகும். சர்க்கரை ஒட்ட நேரமே கிடைக்காது. ஃப்ரக்டோசமைன் பொய்யாகக் குறைந்து நிற்கும். தைராய்டு கோளாறிலும் பூனை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே மெலியும், நிறையத் தண்ணீர் குடிக்கும். பார்த்தால் சர்க்கரை நோய் மாதிரியேதான் இருக்கும். அதனால் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனை அளக்கும் டி4 பரிசோதனையை வேண்டாத செலவு என்று தள்ளிவிடாதீர்கள்.

அப்புறம் சிறுநீரகம். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு; சிறுநீரகம்தான் அதை வெளியேற்றும், பழுதானால் ரத்தத்தில் அது உயரும். தசை கரைந்து, முதுகெலும்பு கையில் நெருடும் பூனைக்கு அது குறைவாகத்தான் உற்பத்தியாகும். 4 கிலோவிலிருந்து 3 கிலோவுக்கு இறங்கிய பூனையின் கிரியாட்டினின் ‘நார்மல்’ என்று வந்தால் எனக்கு நிம்மதி வராது. போதாக்குறைக்கு, சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் அது வரம்பைத் தாண்டும். சிறுநீரகத்துக்கான எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. பெரும்பாலும் முன்னதாகவே உயரும்.

கூடவே சிறுநீரின் அடர்த்தியையும் பார்க்க வேண்டும். நல்ல சிறுநீரகமுள்ள பூனைக்கு அது சாதாரணமாக 1.035-க்கு மேல் இருக்கும். 1.010-ஐ ஒட்டியே நின்றால் சிறுநீரகத்தின் மேல் சந்தேகம் வலுக்கும். ஆனால் சிறுநீரில் இறங்கும் சர்க்கரையும் தண்ணீரை இழுத்துக்கொண்டு வருகிறது. ஆகவே இடைப்பட்ட எண் வந்தால் காரணம் எது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

பயத்தின் குழப்பத்தைத் தவிர்க்க, வீட்டிலேயே காது ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பது நல்ல வழி. ஆனால் கருவி முக்கியம். பூனை ரத்தத்தில் சர்க்கரையின் 93 சதவீதம் பிளாஸ்மாவில் இருக்கிறது. சிவப்பணுக்களில் வெறும் 7 சதவீதம்தான். மனித ரத்தத்தில் பங்கீடு வேறு என்பதால், நமக்கான குளுக்கோமீட்டர் பூனைக்குப் பெரும்பாலும் குறைத்தே காட்டும். எந்தக் கருவியில் பார்த்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, கீட்டோன். இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் பொருள் இது; அளவுக்கு மீறிச் சேர்ந்தால் ஆபத்து. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை அசிட்டோஅசிட்டேட்டைத்தான் பிடிக்கும். கீட்டோன்களில் அதிகமாக இருக்கும் பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் அதற்குத் தெரியாது. பூனை சாப்பிடாமல், வாந்தி எடுத்துக்கொண்டு, ஒரு மூலையில் சோர்ந்து படுத்திருந்தால், பட்டை நிறம் மாறாவிட்டாலும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அங்கே ரத்தத்திலேயே கீட்டோன் பார்ப்பார்கள்.