விட்டப் பரவல்

காட்டியல் படிக்கும் தங்கச்சி மகள் விடுமுறைக்குச் சுங்கை சிப்புட் வந்திருந்தாள். "மாமா, டயாமீட்டர் டிஸ்ட்ரிபியூஷனை 'விட்ட விநியோகம்'னு எழுதலாமா?" என்று கேட்டாள். ஒரு காட்டில் எந்த விட்டத்தில் எத்தனை மரம் நிற்கிறது என்ற கணக்கு அது. வேண்டாம் என்றேன். விநியோகம் என்றால் யாரோ வரிசையில் நிற்க வைத்து மரங்களுக்கு விட்டத்தை அளந்து கொடுத்த மாதிரி இருக்கிறது. பரவல்தான் சரி. மலாயில் இதைத் 'தாபுரான்' என்கிறார்கள்; 'தாபுர்' என்றால் தூவுவது. நம் சொல்லுக்கு அது பக்கத்து வீடு.

டயாமீட்டர் கிரேக்கத்திலிருந்து வந்தது: 'டியா' குறுக்கே, 'மெட்ரோன்' அளவு. தமிழ் விட்டமும் குறுக்கே கிடப்பதுதான். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டில் சுவருக்குச் சுவர் போட்டிருந்த கட்டைக்கும் அதே பெயர். "வேலைக்குப் போகாம விட்டத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கான்" என்று பாட்டி திட்டியது அந்த விட்டத்தைச் சொல்லித்தான்.

நிற்கிற மரத்துக்குக் குறுக்கே அளவுகோல் போகாதே! அதனால் தரையிலிருந்து 1.3 மீட்டரில், அதாவது நெஞ்சு உயரத்தில், நாடாவைச் சுற்றி, வந்த சுற்றளவை 3.14ஆல் வகுப்பார்கள். அடிமரத்தில் பலகை மாதிரி புடைத்து நிற்கும் பலகை வேர் இருந்தால் அதற்கும் மேலே அளக்க வேண்டும். தோட்டத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. ரப்பர் மரம் 50 செ.மீ. சுற்றளவு வந்தால்தான் பால் வெட்டுக்கு எடுப்பது வழக்கம். விட்டமாகச் சொன்னால் சுமார் 16 செ.மீ.

ஒரே வருஷம் நட்ட நிரையை அளந்து, விட்டத்துக்கு எத்தனை மரம் என்று வரைந்தால் கோடு நடுவில் மேடு கட்டும். காடு அப்படியில்லை. மெல்லிய மரம் ஏராளம், பருத்தது சில. கோடு மேலிருந்து சரிந்து, நீண்ட வாலாகப் போகும். ஆங்கில ஜே எழுத்தைத் திருப்பிப் போட்ட வடிவம். பிரான்சின் தெ லியோக்கூர் 1898இலேயே இதை எழுதிவிட்டார். மரம் வெட்டி நலிந்த காட்டில் அந்த வால் அறுந்துவிடும். மலேசியாவில் 1978இல் வந்த தேர்ந்து வெட்டும் முறைப்படி, மெராந்தி வகை மரங்களுக்கு வெட்டு வரம்பு குறைந்தது 50 செ.மீ. விட்டம். ஆகவே பருத்தவைதான் முதலில் போகும். அப்புறம் வெயில் விழுந்த இடமெல்லாம் மஹாங் என்ற சீக்கிரம் வளரும் மரம் கூட்டமாக முளைக்கும்.

மேடோ சரிவோ, எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்தில் பிடிப்பது வெய்புல் பரவல். ஸ்வீடன் பொறியாளர் ஒருவரின் பெயர் அது. காட்டுக் கணக்குக்கு அதை 1973இல் கொண்டுவந்தவர்கள் பெய்லியும் டெல்லும். அதில் கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் எண்ணான 'வடிவ அளவுரு' 3.6ஐ ஒட்டினால் மணி வடிவம், 1 அல்லது அதற்குக் கீழே என்றால் திருப்பிய ஜே.

"நீ அளந்த காட்டுக்கு எவ்வளவு வந்தது?"

"ஒன்னுக்குக் கீழதான், மாமா."