மத்திய அரசு எவ்வளவு கடன் வாங்கலாம்? எஃப்.ஆர்.பி.எம். சட்டம் சொல்வது

2025-26 பட்ஜெட்டில் மத்திய அரசின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் 12.76 லட்சம் கோடி, வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவே போகிறது. இந்தச் சுமைக்குக் கடிவாளம் போடத்தான் 2003-ல் நிதிப் பொறுப்பு மற்றும் பட்ஜெட் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. சுருக்கமாக எஃப்.ஆர்.பி.எம்.

மசோதாவை 2000 டிசம்பரில் தாக்கல் செய்தது வாஜ்பாய் அரசு. நிறைவேறிய மறு வருடமே ஆட்சி மாறியது. புதிதாக வந்த காங்கிரஸ் கூட்டணி அதைக் கிடப்பில் போட்டிருக்கலாம், போடவில்லை. ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது, 2004 ஜூலை 5 முதல் சட்டம் அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் அப்படித்தான்: 2003-ல் அதிமுக ஆட்சி கொண்டுவந்த நிதிப் பொறுப்புச் சட்டம், ஆட்சி மாறியும் நிலைத்தது.

மத்தியச் சட்டத்தின் இலக்கு தொடக்கத்தில் இரண்டு. ஒன்று, நிதிப் பற்றாக்குறை, அதாவது வரவுக்கு மேல் செலவழிக்க ஒரு வருடத்தில் வாங்கும் கடன், ஜிடிபியில் (நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்னொன்று, சம்பளம், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் நிலை ஒழிய வேண்டும். 2018 திருத்தம் இந்த இரண்டாவதை எடுத்துவிட்டது. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. பாலம் கட்ட வாங்கும் கடனும் சம்பளம் கொடுக்க வாங்கும் கடனும் ஒன்றல்ல. அதற்குப் பதிலாக, மத்திய அரசின் கடன் 2024-25-க்குள் ஜிடிபியில் 40 சதவீதமாகக் குறைய வேண்டும் என்று எழுதினார்கள். அந்த வருடம் கடன் சுமார் 57 சதவீதத்தில் நின்றது.

சட்டத்தில் உண்மையிலேயே பல் உள்ள பிரிவு ரிசர்வ் வங்கி பற்றியது. 2006 ஏப்ரலிலிருந்து, அரசு புதிதாக வெளியிடும் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி பொதுவாக நேரடியாக வாங்க முடியாது. அரசு சந்தைக்குத்தான் போக வேண்டும், அங்கே கேட்கும் வட்டியைக் கொடுக்க வேண்டும்.

சரி, இலக்கைத் தவறவிட்டால்? போர், தேசியப் பேரிடர், விவசாய வீழ்ச்சி போன்ற காரணங்களுக்காக அரை சதவீதம் வரை மீறலாம். ஆனால் 2008 உலக நெருக்கடியின்போது காங்கிரஸ் அரசும், 2020 கொரோனாவின்போது பாஜக அரசும் அதைவிட வெகுதூரம் போயின. 2020-21-ல் பற்றாக்குறை 9.2 சதவீதம். நெருக்கடியில் செலவழித்ததைக் குறை சொல்ல மாட்டேன். நெருக்கடி தீர்ந்து வருடங்கள் ஓடியும் 3 சதவீதத்துக்குத் திரும்பாததுதான் கவலை.

மீறினால் அபராதமோ தண்டனையோ கிடையாது. நிதியமைச்சர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த விளக்கம் பட்ஜெட் ஆவணங்களோடு வருகிறது. பட்ஜெட் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.