ஃபியாங்கெட்டோ: மருங்கில் நிற்கும் மந்திரி

சதுரங்க ஆட்ட விளக்கங்களில் அடிக்கடி வரும் ‘ஃபியாங்கெட்டோ’ என்னும் சொல், குதிரைக்கு முன்னுள்ள காலாளை ஒன்றிரண்டு கட்டம் நகர்த்திவிட்டு, அது நின்ற கட்டத்தில் மந்திரியை, அதாவது பிஷப்பை, நிறுத்துவதைக் குறிக்கும். வெள்ளைக்கு அந்தக் கட்டம் பி2 அல்லது ஜி2 (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்). கறுப்புக்கு பி7 அல்லது ஜி7.

சொல் இத்தாலியமொழியினது. ‘ஃபியாங்கோ’ என்றால் விலாப்பக்கம். அதனோடு குறுமைப் பொருள் தரும் ‘எட்டோ’ விகுதி சேர்ந்து ‘சிறு பக்கம்’ என்றாகிறது. fianchetto என்னும் எழுத்துக்கூட்டலில் வரும் ‘ch’ இத்தாலியத்தில் ககரமாகவே ஒலிக்கும். அதை ஆங்கில முறையில் படித்து ‘ஃபியான்செட்டோ’ என்பது பிழை.

‘பக்கவாட்டு நகர்வு’ என்று இதைத் தமிழாக்கினால் பொருந்தாது. மூலைவிட்டத்தில் மட்டுமே செல்லும் மந்திரியால் பக்கவாட்டில் நகரவே முடியாது என்பதோடு, ஓரத்தில் நின்றாலும் அது குறிவைப்பது பலகையின் நடுவைத்தான். 1924இல் நியூயார்க் போட்டியில், எட்டு ஆண்டுகளாகத் தோல்வியே காணாதிருந்த உலகச் சாம்பியன் காப்பாபிளாங்காவை ரிச்சர்ட் ரேட்டி 31 நகர்த்தல்களில் வென்ற ஆட்டம் இதற்குச் சரியான சான்று. வெள்ளைக் காய்களுடன் ஆடிய ரேட்டி எஃப்3இல் குதிரையை வைத்துத் தொடங்கி, சி4, பி4 என ஓரக் காலாட்களை முன்னேற்றினார். ஆறாம் நகர்த்தல் முடிந்தபோது இருவருடைய மந்திரிகள் நான்கும் மருங்குக் கட்டங்களில் நின்றன, வெள்ளையின் நடுக் காலாட்கள் இரண்டும் அசையவே இல்லை. டி4 என்று நடுவைத் திறக்க அவர் பதினாறாம் நகர்த்தல் வரை காத்திருந்தார். அதன்பின் இருபதாம் நகர்த்தலில் பி2 மந்திரி டி4இல் இருந்த காலாளையும், அடுத்ததில் ஜி7இல் இருந்த மந்திரியையும் வெட்டியது. கறுப்பு அரசன் அதைத் திருப்பி வெட்டியதும், அதே மூலைவிட்டத்தில் பி2க்கு வந்த அரசி ‘செக்’ வைத்தாள்.

ஆகவே தமிழ்ச் சொல், தாக்கும் திசையைச் சொல்லாமல் நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். பக்கம், விலா, இடை ஆகிய பொருள்களைத் தாங்கும் ‘மருங்கு’ இத்தாலிய மூலத்துக்கு மிக நெருக்கமானது. ‘மருங்கு நிறுத்தம்’ என்று பெயராகவும் ‘மந்திரியை மருங்கில் நிறுத்தினார்’ என்று வினையாகவும் ஆளலாம். நடுக் காலாட்களை உடனே முன்னேற்றாமல் ஓரங்களிலிருந்து தொடங்கும் ரேட்டி தொடக்கம், ஆங்கிலத் தொடக்கம் போன்றவற்றுக்கு ‘மருங்குத் தொடக்கம்’ என்பது பொதுப்பெயராகும். ஆட்ட வருணனையில் ஃபியாங்கெட்டோ என்றே சொல்லிப் பழகியவர்கள், முதல் முறை இரண்டையும் சேர்த்துச் சொன்னால் போதும்.