3, 232 என்ற இரண்டு பைட்டுகள் 1000 ஆவது எப்படி?

பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டில் ஒருவர் ஓரடி நகர்ந்தாலும், அவர் நிற்கும் இடமும் திரும்பியிருக்கும் கோணமும் மற்ற எல்லோருடைய திரைக்கும் போய்ச் சேர வேண்டும். ஆனால் வலையில் பயணிப்பவை எண்கள் அல்ல. 0 முதல் 255 வரை மதிப்புள்ள பைட்டுகளின் வரிசை மட்டுமே. 64 பேர் ஆடும் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் நொடிக்கு 60 பாக்கெட் (சிறு தரவுப் பொதி) அனுப்பினால், ஆட்டத்தை நடத்தும் மையக் கணினியான சர்வர் நொடிக்கு 3,840 பாக்கெட்டுகளைப் பிரித்துப் படிக்க வேண்டும். ஒரு பாக்கெட்டுக்கு 20 எண்கள் என்று கொண்டால் மொத்தம் 76,800.

எண்ணை எழுத்தாகவே அனுப்புவதும் உண்டு. பிழை தேடும்போது கண்ணால் படிக்க அது வசதிதான். ஆனால் 1000 என்பதற்கு நான்கு பைட்டுகள் செலவாவதோடு, பெறும் பக்கத்தில் ஒவ்வோர் இலக்கமாக எடுத்து, அதுவரை சேர்ந்ததைப் பத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இரும வடிவில் அதே 1000 என்பது 3, 232 என்ற இரண்டே பைட்டுகளில் அடங்கிவிடும்: 3 × 256 + 232. ஒரு பைட் என்பது 0 அல்லது 1 ஆக இருக்கும் எட்டு பிட்டுகள். 256-ஆல் பெருக்குவது பிட்டுகளை எட்டு இடம் இடப்பக்கம் நகர்த்துவதற்குச் சமம் என்பதால், ஒரு நகர்த்தலும், இரண்டில் ஒன்றில் 1 இருந்தாலும் அந்த இடத்தில் 1 வைக்கும் ஓர் ‘அல்லது’ செயலும் போதும்.

எது முதல் பைட் என்பதில்தான் தகராறு. அதே இரண்டையும் தலைகீழாகப் படித்தால் விடை 59,395. பெரிய மதிப்புள்ள பைட் முன்னால் வருவது பிக் எண்டியன், பின்னால் வருவது லிட்டில் எண்டியன். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டையிடும் ஒரு பழைய நையாண்டிக் கதையிலிருந்து இப்பெயர்களை 1980-இல் கணினித் துறைக்குக் கொண்டுவந்தவர் டேனி கோஹன். இணைய நெறிமுறைகள் பாக்கெட்டின் முன்னால் வைக்கும் தலைப்புப் பகுதி பிக் எண்டியனில் இருக்கிறது; இன்றைய கணினிகளும் கைபேசிகளும் பெரும்பாலும் லிட்டில் எண்டியனில் இயங்குகின்றன. விளையாட்டின் சொந்தத் தரவுக்கு இரண்டில் எதையும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை முடிவுசெய்து இரு பக்கமும் அதையே பின்பற்றுவதுதான் முக்கியம்.

பைட்டுகளை நகர்த்திச் சேர்க்கும் கணக்கு எந்தச் செயலியிலும் ஒரே விடையையே தரும். அது மெதுவாக இருக்கும் என்று அஞ்சத் தேவையில்லை. நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் இன்றைய கம்பைலர்கள் பல, இந்த அமைப்பைக் கண்டுகொண்டு நான்கு பைட்டுகளை ஒரே கட்டளையில் படிக்கவும், தேவைப்பட்டால் இன்னொரு கட்டளையில் வரிசையைத் திருப்பவும் செய்கின்றன. பைட் வரிசையின் முகவரியை முழு எண்ணின் முகவரி என்று பொய் சொல்லிப் படிக்கும் குறுக்குவழி, சி மொழியின் விதிகளை மீறுவதால் எப்போது காலை வாரும் என்று சொல்ல முடியாது. ஜாவாவில் வேறொரு பொறி இருக்கிறது: அங்கே பைட்டுக்குக் கூட்டல், கழித்தல் குறி உண்டு என்பதால் 232 என்பது −24 ஆகிவிடும், 255-ஓடு ‘மற்றும்’ செயலை (இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 வைப்பது) செய்யாமல் சேர்த்தால் 1000 வர வேண்டிய இடத்தில் −24 வந்து நிற்கும். உண்மையில் வேகத்தைக் கெடுப்பது இந்தக் கணக்கெல்லாம் அல்ல. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சிறு துண்டை வெட்டிப் புதிய நினைவிடத்தில் நகலெடுப்பதுதான். வந்த பாக்கெட்டை அசைக்காமல் வைத்து, படிக்கும் இடத்தை மட்டும் முன்னேற்றிச் செல்வதே சிக்கனமான வழி.

தசம எண்களுக்கு, எண்ணைக் குறி, அடுக்கு, பின்னம் என்ற பகுதிகளாகப் பிரித்து வைக்கும் 32 பிட் மிதவைப் புள்ளி வடிவம் இருக்கிறது. அதில் 1.0 என்பது, பிக் எண்டியனில், 63, 128, 0, 0 என்ற நான்கு பைட்டுகள். இங்கே கணக்கிட எதுவும் இல்லை. அந்த 32 பிட்டுகளையும் அப்படியே மிதவை எண்ணாகப் பார்க்கச் சொன்னால் போதும்.

ஆனால் இருப்பிடத்துக்கு மிதவை எண்ணே தேவையா என்பது என் கேள்வி. ஆடுகளம் 1,024 மீட்டர் சதுரம், ஒரு சென்டிமீட்டர் துல்லியம் போதும் என்றால், ஒரு திசைக்கு 0 முதல் 102,400 வரையிலான முழு எண்கள் தேவை. 17 பிட்டுகளில் 131,072 மதிப்புகள் அடங்கும். உயரம் 128 மீட்டருக்குள் என்றால் அதற்கு 14 பிட்டுகள் போதும். 17, 17, 14 சேர்ந்து 48 பிட்டுகள், அதாவது ஆறே பைட்டுகள். மூன்று மிதவை எண்களுக்குப் பன்னிரண்டு ஆகியிருக்கும். பிரிப்பதும் எளிது: ஆறு பைட்டுகளையும் ஒரு 64 பிட் எண்ணில் சேர்த்து, 131,071-ஓடு ‘மற்றும்’ செயலைச் செய்தால் முதல் திசை கிடைக்கும், 17 இடம் வலப்பக்கம் நகர்த்தி மீண்டும் அதையே செய்தால் இரண்டாவது, இன்னும் 17 இடம் நகர்த்தினால் எஞ்சுவது உயரம். நூறால் வகுத்தால் மீட்டர்.

இதில் பாதுகாப்பும் சேர்ந்தே வருகிறது. மிதவை வடிவத்தில் அடுக்குக்குரிய எட்டு பிட்டுகளும் 1 ஆக இருந்து, பின்னப் பகுதி பூஜ்யமாக இல்லாவிட்டால், அது ‘எண் அல்ல’ என்று பொருள்படும் மதிப்பு. அதை எந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பெரிதா, சிறிதா என்று கேட்டாலும் ‘இல்லை’ என்றே விடை வரும். ஏமாற்ற நினைப்பவர் இருப்பிடத்தில் அதை வைத்து அனுப்பினால், அது ‘எல்லையைவிடப் பெரிது என்றால் நிராகரி’ என்ற சோதனையைக் கடந்து உள்ளே நுழைந்து, தொடும் கணக்கையெல்லாம் தன்னைப் போலவே ஆக்கிவிடும். 17 பிட் முழு எண்ணில் அப்படியொரு மதிப்புக்கு இடமே இல்லை. 102,401 முதல் 131,071 வரையிலான பொருளற்ற எண்கள் மட்டும் மிஞ்சுகின்றன. அவற்றை அதே ஒற்றை வரிச் சோதனை தவறாமல் பிடித்துவிடும்.